உடைந்த ‘ண’வில் கை வைக்காதீர்கள்

போன வாரம் உங்களில் ஒரு தம்பி எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். “அக்கா, நீங்கள் வரைந்த ‘பழசு’ எழுத்துருவை எங்கள் புத்தக அட்டைகளுக்குப் பயன்படுத்துகிறோம். அந்தக் கால அச்சு மாதிரியே இருக்கிறது. ஒரே ஒரு குறை. ‘ண’வின் நடுச்சுழியில் ஓர் உடைப்பு இருக்கிறது. எத்தனை ‘ண’ வந்தாலும் அத்தனையும் அதே இடத்தில் உடைந்திருப்பதால், உற்றுப் பார்த்தால் கணினி எழுத்து என்று தெரிந்துவிடுகிறது. நாலைந்து விதமாக ‘ண’ வரைந்து, அவை மாறி மாறி வரும்படி சரிசெய்து தரட்டுமா? உங்கள் பெயரிலேயே வெளியிடலாம்.”

நல்ல பிள்ளை. பணிவாகத்தான் கேட்டிருக்கிறார். கண்ணும் கூர்மை. நான் ஒரே வார்த்தையில் பதில் போட்டேன்: முடியாது. அவர் முகம் வாடியிருக்கும். ஏன் முடியாது என்பதை அவருக்கு மட்டும் சொல்வதைவிட உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுத்துரு வரைகிறவர்கள், பக்கம் வடிவமைக்கிறவர்கள், பழைய அச்சு மாதிரி ஒன்று கிடைக்காதா என்று இணையத்தைச் சல்லடை போட்டுச் சலிக்கிறவர்கள், எல்லோரும் கேளுங்கள். எனக்குப் பொறுமை கம்மி. நடுவில் சத்தம் போட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் கோரிப்பாளையத்தில், தர்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில், காதர் பாய் கடையில் டிடிபி வேலை பார்த்தேன். முன்னால் ஜெராக்ஸ், உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், பின்கட்டில் ஒரு சின்ன ஆப்செட் மிஷின். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எது வந்தாலும் அடிப்போம். கலெக்டர் ஆபீஸ் பக்கம் என்பதால் திங்கட்கிழமை மனு டைப் அடிக்க வருகிற கூட்டம் வேறு. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அந்த மொழியில் நாலு வரி அடிப்பதற்கு ஒழுங்கான எழுத்துரு இல்லாமல் வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, எழுத்துரு என்றாலே எனக்கு ஒரு வெறி.

ஒருநாள் மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த ஒரு ஜெபப் புத்தகத்தை மேசையில் வைத்துப் பிரித்தார். நூறு வருஷத்துக்கு மேல் வயசிருக்கும். நடுவில் எட்டுப் பக்கத்தைக் காணோம். அவர்கள் சபையின் விழாவுக்கு அதை அப்படியே மறுபதிப்புப் போட வேண்டும். காணாமல் போன எட்டுப் பக்கத்தை இன்னொரு ஊரில் இருந்த பிரதியைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“மத்த பக்கம் மாதிரியே இருக்கணும்மா. நடுவுல ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியக் கூடாது” என்றார்.

“அதுக்கென்ன டீச்சர், சிடியில ஆயிரம் ஃபான்ட் இருக்கு. ரெண்டு நாள்ல தாரேன்” என்றேன். வாய்க்கொழுப்பு என்றால் அதுதான். அந்த இரண்டு நாள் ஆறு மாதம் ஆனது.

இப்போது நீங்கள் தேடுகிற மாதிரியெல்லாம் அப்போது தேட முடியாது. சென்னையிலிருந்து வரும் எழுத்துருத் தட்டுகள் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தேன். அத்தனையும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த எழுத்துகள். அண்ணாநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வெளிநாட்டுத் தமிழர்கள் இலவசமாகப் போட்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒன்று இறங்கி முடிவதற்குள் இரண்டு டீ குடித்துவிடலாம். கடைக்குக் கொண்டுவந்து திறந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விசைப்பலகை. ‘கர்த்தர்’ என்று அடித்தால் கேள்விக்குறியும் ரூபாய்க்குறியும் வந்து நிற்கும். இங்கிலீஷ்காரன் தேய்ந்த எழுத்து, மைகசிந்த எழுத்து, மரஅச்சு எழுத்து என்று நூற்றுக்கணக்கில் வைத்திருந்தான். நமக்கு இரண்டே இரண்டு கிடைத்தன. ஒன்றில் யாரோ புது எழுத்தை எடுத்து அங்கங்கே ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள், கரையான் அரித்த கதவு மாதிரி. இன்னொன்றில் அந்தக் காலத்துத் துதிக்கை வைத்த ‘லை’ மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் நேற்றுப் பிறந்தவை. பழசு என்றால் அழுக்கு என்று நினைத்தவர்கள் செய்த வேலை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

சரி, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தேன். டீச்சரின் புத்தகத்தை ஸ்கேன் செய்து, ஒவ்வோர் எழுத்துக்கும் நல்ல மாதிரியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் விளிம்பை எலியால் வரைந்தேன். எலி என்றால் மவுஸ்தான், சிரிக்காதீர்கள். ‘ண’ வந்தபோது ஒரு பக்கத்தில் ஒன்பது ‘ண’ இருந்தன. எட்டு முழுசாக, லட்சணமாக இருந்தன. ஒன்பதாவதன் நடுச்சுழியில் ஒரு சிறு பிளவு. எப்போதோ அந்த எழுத்தை அச்சடித்த ஈயத்துண்டு கீழே விழுந்து அடிபட்டிருக்க வேண்டும். நான் அந்த அடிபட்டதைத்தான் எடுத்தேன். ஏனென்றால் அதுதான் பார்த்த மாத்திரத்தில் ‘பழசு’ என்று சொன்னது. சொந்த மூளையைச் சொந்தமாக மெச்சிக்கொண்டேன்.

எட்டுப் பக்கமும் அடித்துக் காட்டினேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். தடவிப் பார்த்தார். “எது பழைய பக்கம், எது நீ அடிச்சதுன்னு எனக்கே தெரியலையே சுபா” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நிமிஷமே, “ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழயும் பொடி எழுத்துல ‘இந்தப் பக்கம் புதிதாகச் சேர்த்தது’ன்னு போட்டுரு” என்றார்.

“எதுக்கு டீச்சர்? தெரியாம இருக்கணும்னுதானே ஆறு மாசம் முதுகொடிஞ்சேன்.”

“கண்ணுக்கு உறுத்தாம இருக்கணும்னுதான் சொன்னேன். தெரியாம இருக்கணும்னு சொல்லல. இது ஜெபம்மா. படிக்கிறவங்கள ஏமாத்தி ஜெபம் பண்ண வைக்கக் கூடாது.”

போட்டுக் கொடுத்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். அந்தப் பொடி வரி என் ஆறு மாத உழைப்பின் மேல் காக்கா எச்சம் போட்டுவிட்டதாகவே எனக்குப் பட்டது. பாடம் அன்றைக்கே என் மேசைக்கு வந்தது. நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

அதன்பிறகு ‘பழசு’க்கு ஏக கிராக்கி. சித்தவைத்தியர் லேபிள், அல்வாக் கடைப் பெட்டி, பரம்பரை நகைக்கடை நோட்டீஸ் என்று போன மாதம் திறந்த கடைக்கெல்லாம் நூறு வருஷப் பாரம்பரியத்தை நான்தான் வழங்கிக்கொண்டிருந்தேன். “மதுரையில இந்த எழுத்து நம்ம கடையில மட்டுந்தான்” என்று பாய் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். எனக்குக் கர்வம் கழுத்துவரை ஏறியிருந்தது.

அப்போதுதான் செயலாளர் வந்தார். பேரையூர் தாண்டி ஒரு கிராமத்தில் அய்யனார் கோயில் கமிட்டிச் செயலாளர். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பேச்சில் தேன். “தாயி, எங்க கோயில் புரவி எடுப்புக்குத் தாத்தா காலத்துல அடிச்ச நோட்டீஸ் ஒண்ணு இருந்துச்சு. மழையில நனைஞ்சு கூழாப் போச்சு. அதுல இருந்தத எழுதிக் கொண்டாந்திருக்கேன். அதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுத்தா கண்ணாடி போட்டுக் கோயில்ல மாட்டிருவோம்” என்றார்.

கூழான காகிதத்தையாவது காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதுமட்டுமா? “சும்மா வெள்ளத்தாள்ல அடிச்சா எடுபடாதுண்ணே. டீத்தண்ணியில நனைச்சு நிழல்ல காயப்போட்டுத் தாரேன்” என்று யோசனை சொன்னது நான். நோட்டீஸ் என்றால் அடியில் அச்சகத்தின் பெயர் போட வேண்டும். அது சட்டம், எங்கள் கடையின் வழக்கமும் கூட. அவர் தயங்கினார். “உங்க கடைப் பேரு போட்டா நல்லா இருக்காதே தாயி” என்றார். நானே ஒரு பழைய அச்சுக்கூடத்தின் பெயரை இட்டுக்கட்டி அடியில் வைத்தேன். கேட்காமலே சுற்றிலும் ஒரு பூக்கரையும் போட்டேன். கிளம்பும்போது, “கோயில் விசயம், கம்ப்யூட்டர்ல இருக்கிறத அழிச்சிருங்க” என்றார். அழித்தேன். ஏன் அழிக்கச் சொல்கிறார் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காகிதத்தின் அழகுதான்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. மனுக்கூட்டம் கடைவாசல்வரை நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். நகக்கண்ணில் களிமண். பெயர் பாண்டியம்மாள். கலெக்டருக்கு மனு என்றார். சொல்லச் சொல்ல, எதையும் மனசில் வாங்காமல் அடித்தேன்.

அவர்கள் ஊரில் அய்யனாருக்கு மண்குதிரை எடுப்பதற்கு முன்னால், கோயில் மண்ணில் ஒரு பிடி அள்ளி, குதிரை வனைகிற வேளார் வீட்டாரின் கையில் கொடுப்பார்கள். அதற்குப் பிடிமண் என்று பெயர். அதை வாங்குகிறவர் தன் களிமண்ணில் கலந்து குதிரை செய்வார். பிடிமண் வாங்கும் வீட்டுக்குத்தான் ரோட்டோரச் சூளை இடமும். தலைமுறை தலைமுறையாகப் பாண்டியம்மாள் புருஷன் வீட்டார்தான் வாங்கிவந்தார்கள். புருஷன் இறந்தபின் அவரே குதிரை செய்து சூளை போடுகிறார். இப்போது ரோடு அகலமாகிவிட்டது. அந்த இடத்தில் செயலாளரின் மச்சினன் பெட்ரோல் பங்க் வைக்கப்போகிறான். அதனால், பிடிமண் உரிமையே உங்களுடையது இல்லை, ஆதியில் பக்கத்து ஊர் வேளார் வீட்டுக்குத்தான் இருந்தது என்று கமிட்டி சொல்கிறது. பக்கத்து ஊர்க்காரரும், இடம் வேண்டாம், மண் கிடைத்தால் போதும் என்று தலையாட்டிவிட்டார்.

“அதுக்கு என்ன ஆதாரமாம்?” என்று கேட்டேன், விரல் விசைப்பலகையில் ஓடிக்கொண்டே இருக்க.

“பழைய நோட்டீஸ் இருக்காம்ல. இந்தா, ஜெராக்ஸ். இதையும் மனுவோட சேக்கச் சொன்னாக.”

வாங்கிப் பார்த்தேன். நான் போட்ட பூக்கரை. நான் வைத்த அச்சுக்கூடப் பெயர். பக்கத்து ஊர் வேளாருக்கே ‘பிடிமண்’ என்ற வரியில் நடுச்சுழி பிளந்த என் ‘ண’.

அந்த அம்மா என் முகத்தைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே இருந்தார். “எங்க மாமனார் சாகுறப்பகூட, மண்ணு நம்ம வீட்டு மண்ணு, விட்றாதன்னுதான் சொல்லிட்டுச் செத்தாரு. இதப் பாத்த பெறகு, மனுசன் பொய் சொல்லிட்டாரோ, அடுத்தவுக உரிமையத்தான் இம்புட்டு நாளும் தின்னோமோன்னு சோறு எறங்கல தாயி. காயிதம் பொய் சொல்லுமா?”

கேட்டுக்கொள்ளுங்கள். நிலத்தைப் பறிப்பதற்கு அவர்களுக்கு ஆள் பலம் இருந்தது, பணம் இருந்தது. செத்துப்போன மாமனாரைப் பொய்யராக்குவதற்கு மட்டும் நான் தேவைப்பட்டேன்.

நான் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னேன். “இந்தக் காகிதத்தை அடிச்சது நாந்தான் ஆத்தா. இந்த நாற்காலியில உக்காந்து, இந்தக் கம்ப்யூட்டர்ல.”

அவர் என் கையிலிருந்த ஜெராக்ஸை வாங்கி மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாக, “எம்புட்டு அழகா அடிச்சிருக்க” என்றார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய பாராட்டுகளில் இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுப்பது அது ஒன்றுதான்.

பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். அந்த அம்மா போனதும் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, அடிச்சுக் குடுக்கிறது நம்ம வேல. அதக் கொண்டுபோயி அவன் என்ன செய்றான்ங்கிறது அவன் பாடு. வெட்டுறதுக்குன்னு தெரிஞ்சா அருவா விக்கிறாங்க?”

“அருவாள விக்கல பாய். நான் கூடப்போயி எங்க வெட்டணும்னு கைகாட்டிவிட்டிருக்கேன். டீத்தண்ணியில நனைக்கிற யோசன யாருது? என்னுது.”

“கேஸாகும். கடைக்குச் சீல் வப்பாங்க. கடப் பேரு கெட்டுச்சுன்னா யாரு வருவா?”

“கடப் பேரு அதுல இல்லவே இல்லயே பாய். அதுதான் தப்பு.”

அவர் மிஷின் பக்கம் திரும்பிவிட்டார். மறுநாள் செயலாளரே வந்தார். யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். அதே வெள்ளைச் சட்டை, தேன் மட்டும் வற்றியிருந்தது.

“தாலுகா ஆபீசுல வெசாரண இருக்கு. அந்தப் பக்கம் நீங்க வரமாட்டீங்கன்னு நெனைக்கிறேன்” என்றார்.

“வாரேன்” என்றேன்.

“பொம்பளப் பிள்ள. அம்புட்டு தூரம் பஸ்ஸுல வந்துட்டுப் போகணும். யோசிச்சுக்கங்க.”

“பஸ் நம்பர் எனக்குத் தெரியும்ணே. நீங்க டீத்தண்ணி வாசன போயிருச்சான்னு மோந்து பாத்து வச்சுக்கங்க.”

வாய்தான் அப்படிப் பேசியது. அவர் போனபின் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மூன்று முறை தப்பாக அடித்தேன். தைரியம் என்றால் பயப்படாமல் இருப்பது என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என்னிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. கோப்பை அழித்தாயிற்று. ரசீது கொடுக்கவில்லை. நான் சொல்வதை யார் நம்புவார்கள்? இரண்டு நாள் அந்த ஜெராக்ஸின் நகலை வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது. எந்த உடைப்பை அழகென்று எடுத்தேனோ அதுதான் என் சாட்சி. நேரே டீச்சர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. புத்தகத்தை வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். “பத்திரம். அந்த எட்டுப் பக்கத்துல போட்ட வரி உனக்கு இப்பவாவது புரிஞ்சிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

விசாரணை நாளன்று காலையில் பாயிடம் லீவு கேட்டேன். “எழுதிக் குடுத்துட்டுப் போ” என்றார், முகத்தைப் பார்க்காமல். அதுவரை அந்தக் கடையில் லீவுக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், ‘நான் செய்த தவறு’ என்று எழுதினேன்.

தாலுகா அலுவலகத்தில் தாசில்தார் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் கமிட்டியார் எட்டுப் பத்துப் பேர். இன்னொரு பக்கம் பாண்டியம்மாள் மட்டும். நோட்டீஸ் கண்ணாடிச் சட்டத்துக்குள் மேசைமேல் இருந்தது. சொல்லக் கூடாது, அவ்வளவு பாந்தமாக இருந்தது.

நான் எழுந்து, இது நான் அடித்தது என்றேன். கமிட்டிப் பக்கம் கொல்லென்று சிரிப்பு. செயலாளர், “இந்தப் பிள்ள யாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க” என்றார்.

தாசில்தார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க சொல்றது உண்மைன்னா உங்க மேலயே கேஸ் ஆகும். தெரிஞ்சுதான் பேசுறீங்களா?”

“தெரியும் சார். எழுதிக்கங்க.”

“அத்தாட்சி?”

நிலப்படம் பார்க்க அவர் மேசையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. அதைக் கேட்டு வாங்கி அவர் கையிலேயே கொடுத்தேன். “இந்த நோட்டீஸ்ல பதினாலு ‘ண’ இருக்கு சார். ஒவ்வொண்ணாப் பாருங்க. நடுச்சுழியில ஒரு பிளவு இருக்கும். பதினாலுலயும் ஒரே எடத்துல, ஒரே அளவுல.”

பார்த்தார். விரலை வைத்து எண்ணினார். “ஆமா. அதனால என்ன? பழைய எழுத்து, உடைஞ்சிருக்கும்.”

“உடையும் சார். ஆனா அந்தக் காலத்துல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஈயத்துண்டு. இந்தத் தாள்ல பதினாலு ‘ண’ நிக்கணும்னா பதினாலு துண்டக் கோத்திருக்கணும். பதினாலு பேரு தடுக்கி விழுந்து, பதினாலு பேருக்கும் அதே பல்லு, அதே மூலையில உடையுமா?”

செயலாளர் ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. “எழுத்த வார்க்கிற அச்சுலயே கோளாறு இருந்திருக்கும்யா. அதான் எல்லாம் ஒண்ணுபோல இருக்கு” என்றார். நியாயமான கேள்வி. அதை நான் பஸ்ஸிலேயே எனக்கு நானே கேட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

வெள்ளைத் துணியைப் பிரித்து, டீச்சரின் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். “இது வேற அச்சகம், வேற காரியம், ஜெபப் புத்தகம். இந்தப் பக்கத்துல ஒன்பது ‘ண’. எட்டு முழுசு. இந்த ஒண்ணு மட்டும் ஒடைஞ்சது. இந்தக் காயமும் அந்தப் பதினாலு காயமும் ஒண்ணா இல்லையான்னு நீங்களே வச்சுப் பாருங்க சார். இந்த ஒண்ணத்தான் நான் ஸ்கேன் பண்ணி வரைஞ்சேன். கம்ப்யூட்டருக்கு ஒரு ‘ண’தான் தெரியும். எத்தன தடவ தட்டுனாலும் அதத்தான் துப்பும்.”

தாசில்தார் பூதக்கண்ணாடியை இங்கும் அங்குமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். டீத்தண்ணியில் நனைத்ததையும் சொன்னேன். பிறகு சட்டத்தைத் திருப்பி, பின்பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லி, காகிதத்தை வெளியில் எடுத்து முகர்ந்தார். செயலாளர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

அந்த நோட்டீஸை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது, பிடிமண் இதுவரை போன வீட்டுக்கே போகட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் வாக்குமூலத்தையும் எழுதி வாங்கிக்கொண்டார். அதற்காக மூன்று முறை காவல் நிலையத்துக்கு அலைந்தேன், ‘இனிமேல் செய்யமாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் காலையில் கடையின் பெயர்ப் பலகை உடைந்து கிடந்தது. பாய் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார். புதுப் பலகை எழுத ஆள் வந்தபோது, “முன்ன இருந்ததவிடப் பெருசா எழுதுப்பா” என்றார். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

உங்களில் சிலர் இப்போது என்னைப் பெரிய நியாயஸ்தியாக நினைப்பீர்கள். தேவையில்லை. திருடியவளே திருட்டைக் காட்டிக்கொடுத்தாள், அவ்வளவுதான் கதை. எழுத்துரு வெறும் கருவி, எடுக்கிறவன் கையில் இருக்கிறது என்று கூட்டங்களில் நீங்கள் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் கையும் சேர்ந்துதான் அதில் இருந்தது. பழைய அச்சு மாதிரி எழுத்தைத் தேடுங்கள், வரையுங்கள், ஆசைதீரப் பயன்படுத்துங்கள். அடியில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டுச் செய்யுங்கள். பெயர் போடாதே என்று கேட்கிறவன் வந்தால் எழுந்து நின்று ‘ஏன்’ என்று கேளுங்கள்.

‘ண’வுக்கு வருகிறேன். அன்றைக்கு விசாரணை முடிந்து தாலுகா அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில் பாண்டியம்மாள் எனக்காக நின்றிருந்தார்.

“செஞ்சவளும் நீதான், சொன்னவளும் நீதான். உன்னிய வைறதா, கும்புடுறதா?” என்றார்.

“வஞ்சிருங்க ஆத்தா. எனக்கு அதுதான் லேசா இருக்கும்.”

அவர் வையவில்லை. அந்த உடைந்த எழுத்தைக் காட்டச் சொன்னார். ஜெராக்ஸில் விரல் வைத்துக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “எள்ளுக்குள்ள பாதி இருக்கும் போல. இந்த ஓட்டையா எங்க மாமனார மீட்டுச்சு?” என்றார். பிறகு, “இனிமே இத அடைச்சிருவியா?” என்று கேட்டார்.

என் புத்தி அப்போதும் தொழிலில்தான் இருந்தது. “அடச்சிரலாம் ஆத்தா. நாலு விதமா வரைஞ்சு மாத்தி மாத்திப் போட்டா எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. நாலு நாள் வேல” என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். களிமண் பிசைகிற கை, இரும்புப் பிடி.

“அடைக்காத. நாங்க குதிரயச் சூளைக்கு ஏத்துறதுக்கு முன்னாடி அடிவயித்துல பெருவெரல வச்சு ஒரு அமுக்கு அமுக்குவோம். கும்புடுறவுக கண்ணுக்கு அது தெரியாது. நாளைக்கு ஒருத்தன் வந்து எங்குதிரயத் தன்னுதுன்னான்னா, கவுத்துப் போட்டுக் காட்டணும்ல. இது ஒன் வெரலு. இருக்கட்டும்.”

அந்த வருஷம் அவர்தான் பிடிமண் வாங்கினார். சூளை இருந்த இடத்தில் இன்றும் சூளைதான் இருக்கிறது.

அதனால்தான், தம்பி, முடியாது என்றேன். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த எழுத்துருவை யார் கேட்டாலும் சும்மாவே கொடுத்துவருகிறேன். எங்கெங்கே அது போயிருக்கிறது, எவனெவன் என்ன அடித்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு ஊரில் ஒருத்தி, காகிதம் பொய் சொல்லுமா என்று கையில் ஒரு பழைய நோட்டீஸை வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் அழகாக நாலு ‘ண’ வரைந்துவிட்டால், கவிழ்த்துப் போட்டுக் காட்டுவதற்கு அவளிடம் ஒன்றும் இருக்காது.

கையை எடுங்கள்.